மரமாக நின்றவர்

சகாயராணிக்கு வயது முப்பத்தொன்று. காட்டில் தங்கக் கற்றுக்கொள்ள அவளிடம் வந்த திருவேங்கடத்துக்கு அறுபத்திரண்டு. லிஃப்ட் பழுதுபார்த்தே காலம் தள்ளியவர். எந்தக் கயிற்றைப் பார்த்தாலும் அது எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டுவிடுவார். அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

தாண்டிக்குடிக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் பயிற்சி. இரண்டாம் நாள், இரண்டு மரங்களுக்கு நடுவே தூளி கட்டிப் படுக்கும் பாடம். அவர் முன்னால் அவள் ஒரு மெல்லிய கயிற்றையும் நான்கு விரல் அகல நாடாவையும் போட்டாள்.

இரண்டையும் இழுத்துப் பார்த்தார். முறுக்கிப் பார்த்தார். கயிறுதான் கூடுதல் பாரம் தாங்கும் என்று தோன்றியது. போன வருடம் வேறொரு முகாமில் தூளி அவிழ்ந்து விழுந்து, மூன்று வாரம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர் அவர்.

"எதைக் கட்டலாம், டீச்சர்?"

"கொஞ்ச நேரம் மரமா நில்லுங்க, சார்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் ஒரு மரத்தின் மறுபக்கம் போய் முதுகைச் சாய்த்து நின்றார். அவரையும் மரத்தையும் சேர்த்துக் கயிற்றால் சுற்றி, அதில் தூளியின் ஒரு முனையை மாட்டினாள். மறுமுனையை எதிர்மரத்தில் கட்டிவிட்டுத் தூளியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

கயிறு அவர் வயிற்றில் இறங்கியது. பத்து எண்ணுவதற்குள் போதும் என்றார்.

அடுத்து நாடாவைச் சுற்றினாள். இறுகியது, ஆனால் வலிக்கவில்லை. மறுநாள் நடக்கப்போகும் பாதையைப் பற்றி அவள் ஊஞ்சலாடியபடி சொல்லி முடிக்கும்வரை நின்றார்.

அவிழ்த்துவிட்டதும் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். கயிறு பட்ட இடம் மட்டும் சிவந்திருந்தது. எத்தனை கிலோ என்று கேட்காமலே நாடாவை எடுத்துக்கொண்டு, தனக்கு மரம் தேடிப் போனார்.

சரிவில் ஓர் இளமரம். இடுப்பு உயரத்தில் தண்டைச் சுற்றி வளையம்போல் ஒரு பள்ளம். அதில் விரலை வைத்தார். உள்ளே போனது. அண்ணாந்து பார்த்தார். உச்சிவரை ஓர் இலைகூட இல்லாமல் பட்டுப்போயிருந்தது.

பின்னாலேயே வந்த அவளிடம், இதில் யார் தூளி கட்டியது என்று கேட்டார்.

"நான்தான். இங்கே வந்த புதுசுல. ஒரு கோடை முழுக்க, கயித்துல."

"உங்களுக்கு அடி ஏதும் படலையே?"

"இல்ல, சார். நல்லாத் தூங்கினேன்."