கொத்தானுக்கு வேர் போன கதை

மாசி பாதி போய்விட்டது. பந்தல் இன்னும் மொட்டையாக நிற்கிறது. மாடத்திக்கோ நிறைமாதம். அவள் புருஷன் வெயிலுகந்தானுக்குத் தலை சுற்றியது. தலைப்பிள்ளை ஒரு சித்திரையில் வெக்கை தாங்காமல் போனது. இரண்டாவது இன்னொரு சித்திரையில் போனது. இரண்டுமே ஓலைப் பந்தலுக்குக் கீழேதான். செம்மணல் தேரிக்காட்டில் பனைக்கா பஞ்சம்? ஓலை வேண்டிய மட்டும் கிடைக்கும். ஆனால் காய்ந்த ஓலை பகலெல்லாம் வெயிலைக் குடித்துக் கீழே கக்கும். பச்சை நிழல் இல்லையென்றால் இந்தப் பிள்ளையையும் மண்ணுக்குத்தான் பெற வேண்டும் என்று மாடத்தி சொல்லிவிட்டாள். அழவில்லை. அழுது முடித்தவள்.

அந்தக் காலத்தில் கொடிகள் பேசும். மனுஷன் தன் இஷ்டத்துக்கு ஒரு கொடியை நட்டுவிட முடியாது. போய்க் கேட்க வேண்டும். சம்மதித்தால் பந்தல்காலுக்குக் கூட்டி வரலாம். ஒரு பந்தலுக்கு ஒரு கொடி. வெயிலுகந்தானின் ஊற்றில் அதற்கு மேல் தண்ணீரும் இல்லை.

முதலில் அவரையிடம் போனான். ஆடியில் கேட்க வேண்டியதை மாசியில் வந்து கேட்கிற ஆளை அது பார்த்ததே இல்லையாம். சுரைக்கு நல்ல மனசு, கூடவே வந்து பந்தலைப் பார்த்தது. பார்த்ததும், இந்த உடைமரக் கம்பு என் ஒரு காயைக்கூடத் தாங்காது, தொட்டிலில் விழுந்தால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்று திரும்பிவிட்டது. பீர்க்கு கேட்ட தண்ணீரின் அளவைக் கேட்டு அவனே எழுந்து வந்துவிட்டான். பாகல்தான் சிரித்தது.

"பேரு வெயிலுகந்தான், தேடுறது நிழலா? என் இலையைப் பாரும்வே, சல்லடை. என்னை ஏத்தினா பிள்ளை மேல புள்ளி புள்ளியா வெயில் விழும். உம்ம பொண்டாட்டி என்னையத்தான் ஏசுவா."

எல்லாம் உண்மை பேசுகிற கொடிகள். அதுதான் கஷ்டம். ஒன்றாவது பொய் சொல்லிவிட்டு வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே அவன் நடந்தான்.

தேரியின் ஓரத்தில் கொத்தான் என்கிற கொடி கிடந்தது. அன்றைக்குக் கொத்தானுக்கு வெற்றிலை அகலத்துக்கு இலை உண்டு, முழங்கைத் தடிமனுக்கு வேரும் உண்டு. ஆனாலும் யாரும் அதைக் கூப்பிட்டதில்லை. வெயிலுகந்தான் கூப்பிட்டான்.

"ஏழு நாள்ல மூடிருவேன்," என்றது கொத்தான். "தண்ணி ஒரு குடம் போதும். ஆனா ஒண்ணு. கடைசிப் பந்தல்காலை நான் தொடுற அன்னிக்கே என் நுனியைக் கிள்ளிரணும். எனக்குப் போகத்தான் தெரியும்வே, நிக்கத் தெரியாது. அழுவேன், கெஞ்சுவேன். காதுல வாங்காதீரும். கிள்ளிரும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். இது முடியாதுன்னா இப்பவே போயிரும்."

அவன் சரி என்றான். தோளில் சுற்றி வீட்டுக்குக் கூட்டி வந்தான்.

கொத்தான் சொன்ன சொல் தவறவில்லை. நாலாம் நாள் மாடத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் காலையில் பந்தல் மூடிவிட்டது. தொட்டிலை அதன் கீழே கட்டினார்கள். நிழலில் ஈரம் இருந்தது. பிள்ளை கையைக் காலை நீட்டித் தூங்கியது. மாடத்தி சிரித்தாள். அவள் பல்லை அவன் பார்த்து எத்தனை காலமாயிற்று.

அந்தக் காலையிலேயே கொத்தானின் நுனி கடைசிப் பந்தல்காலைத் தொட்டது. வெயிலுகந்தான் நகத்தை வைத்தான். கொத்தான் அழுதது. இன்னும் ஒரு முழம், அந்த வேப்பமரம் வரைக்கும் என்று கெஞ்சியது. அவன் முற்றத்தைப் பார்த்தான். பந்தலுக்கும் வேம்புக்கும் நடுவே வெயில் விழுந்து கிடந்தது. அதையும் மூடிவிட்டால் பிள்ளை தவழுகிற காலத்துக்கு ஆகும் என்று பட்டது.

மாடத்தி தொட்டில் பக்கத்திலிருந்து, "தன்னைப் பத்தித் தெரிஞ்சுதான் அது முன்னாடியே சொல்லிருக்கு. கிள்ளிரும்," என்றாள்.

"நாளைக்கு," என்றான்.

மறுநாள் கொத்தான் வேம்பில் இருந்தது. அதுவரை அது அடுத்தவன் சாற்றை ருசி பார்த்ததே இல்லை. மணலைத் துளைத்துத் துளைத்து ஒரு சொட்டு உறிஞ்சுகிற பிழைப்பு எங்கே, மரத்தைக் கடித்தால் வாய் நிறைய வருகிற இது எங்கே? வேம்பு மஞ்சளானது. அடுத்து முருங்கை. அதற்கடுத்து உடைமரம். பந்தல் பச்சையாக இருந்தவரை வெயிலுகந்தான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பங்குனிக் கடைசியில் தொட்டிலுக்குள் ஒரு இலை உதிர்ந்தது. பிறகு நிற்கவேயில்லை. ஓடிப்போய் வேரைத் தொட்டான். அழுகிக் கையோடு வந்தது. தலைக்கு மேலே வெறும் நூல்வலை.

இலையைத் திருப்பிக் கொடு என்று அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மன்றாடினான்.

"இலை வச்சிருக்கவன் உழைக்கணும்," என்றது கொத்தான். அதற்கும் வெட்கமாகத்தான் இருந்தது. "எனக்கு அது மறந்துபோச்சு."

"இப்ப கிள்ளுறேன். இப்பவே கிள்ளுறேன்."

"எதைக் கிள்ளுவீரு?"

ஆயிரம் நுனி இருந்தது. கிள்ளினான். நகம் பெயர்ந்து ரத்தம் வரும்வரை கிள்ளினான். கிள்ளின இடத்திலெல்லாம் இரண்டிரண்டாகத் துளிர்த்தது.

சித்திரை பிறந்தது. ஓலை வெட்டி வந்து போட்டான். ஓலை அதன் வேலையைத்தான் செய்தது. ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். பத்தாம் நாள் உச்சிவேளையில் தொட்டில் அசையவில்லை. பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்த மாடத்தி தொட்டில் சேலையை அவிழ்த்து, மணலை உதறி, மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு தன் பிறந்த ஊர்ப் பக்கம் நடந்தாள். அவன் பின்னால் போகவில்லை.

இன்றைக்கும் தேரிக்காட்டு வேலிகளில் கொத்தானைப் பார்க்கலாம். இலையும் இல்லாமல், வேரும் இல்லாமல், மஞ்சளும் பச்சையுமாக அடுத்தவன் உயிரில் ஊர்ந்துகொண்டு கிடக்கும். பந்தலுக்கு அதை யாரும் கூப்பிடுவதில்லை. சொன்னால் கேட்காதவர்களிடம் சொல்லி என்ன என்று மற்றக் கொடிகளும் வாயை மூடிக்கொண்டன. கொடி பந்தலைத் தொட்டதும் முதல் வேலையாக நுனியைக் கிள்ளிவிடுகிறார்களே, அந்த வழக்கம் அந்தச் சித்திரையிலிருந்து வந்ததுதான். வெயிலுகந்தானுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கொடி சொன்னது. பெண்டாட்டி சொன்னாள். நகத்தால் ஒரே ஒரு கிள்ளு. அவன் கிள்ளவில்லை.