சபாபதி வாங்கிய தடை உத்தரவு

"அப்பீல்ல தோத்துட்டேன் சாமி" என்றபடி வந்து உட்கார்ந்தார் சபாபதி. ஆத்திரத்தில் கும்பிடக்கூட மறந்துவிட்டார்.

குருவுக்கு நாற்பது வயது இருக்கும். சபாபதிக்கு அறுபத்திரண்டு. சபாபதி அவரிடம் சீடராகச் சேர்ந்து ஆறு வருடம். கேஸ் அதற்கும் முன்னால் தொடங்கியது; குருவிடம் அதைப் பற்றி இதுவரை சொன்னதில்லை.

"என்ன கேஸ்?"

"எங்கப்பா கட்டின வீடு சாமி. தையல்காரன் பக்கிரிக்கு வாடகைக்கு விட்டேன். காலி பண்ண மாட்டேங்கறான். கீழ்க்கோர்ட்டுல நான் ஜெயிச்சேன். அவன் அப்பீல் போய்க் கவுத்துட்டான். சும்மா விடுவேனா? ஹைகோர்ட்டுக்குப் போறேன்."

"அதுவரைக்கும்?"

"வீட்டுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு முதல் நாளே தடை உத்தரவு வாங்கிட்டேன். அவனால ஒரு ஆணி அடிக்க முடியாது."

"உங்களால?"

"என்னாலயும்தான். இருக்கட்டும். அவன் தவிக்கிறான்ல, அது போதும் எனக்கு."

குரு ஒரு செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு எழுந்தார்.

"வாங்க, பார்த்துட்டு வருவோம்."

சபாபதி அந்தத் தெருவில் கால் வைத்து நாலு வருடம் ஆகிறது. கோர்ட்டுக்கு நடக்கவே பொழுது சரியாக இருந்தது, வீட்டை யார் பார்த்தது?

பக்கச் சுவரில் அரசமரம் முளைத்திருந்தது. கன்று என்று சொல்ல முடியாது, மரம்தான். அதன் வேர் தரைவரை இறங்கிச் சுவரை இரண்டாகப் பிளந்திருந்தது. அப்பா கூடவே நின்று கட்டிய சுவர். சபாபதி பிளவைத் தடவிப் பார்த்தார். மறு நிமிடமே கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"அடப்பாவி, முளைக்கும்போதே இதைப் பிடுங்கி எறிஞ்சிருக்கக் கூடாதா?" என்று வாசலில் நின்று கத்தினார்.

பக்கிரி வெளியே வந்தார். அவருக்கும் கோபத்துக்குக் குறைவில்லை.

"ரெண்டு இலை விட்டப்பவே பிடுங்கப் போனேன். சுவத்துல கை வச்சுட்டேன்னு என்மேல பெட்டிசன் போட்டது யாரு? நீங்கதானே ஐயா? மழை பெஞ்சா உள்ள படுக்க முடியல. பிள்ளைங்களை மாமியார் வீட்டுல விட்டிருக்கேன்."

 

குரு இரண்டு பேரையும் கண்டுகொள்ளாமல் குனிந்து, மரத்தின் வேரில் செம்புத் தண்ணீரை ஊற்றினார்.

சபாபதியின் கோபம் அவர் பக்கம் திரும்பியது. "என்ன சாமி இது? வீடே இடிஞ்சு விழப்போகுது. இதுக்குப் போய்த் தண்ணி ஊத்துறீங்க?"

"ஹைகோர்ட்டுல இவர்தான் ஜெயிக்கப் போறாரு" என்றார் குரு, மரத்தைத் தொட்டுக் காட்டி. "இப்பவே பழகி வச்சுக்கறேன்."