இடப்பக்கத்துக் கால்மிதி

"அம்மா, காருக்கு பிரேக்கை எப்ப மாத்தணும்?"

சங்கரலிங்கம் ஐயா இப்படித்தான் கேட்டாரு. மடத்துல காலைப் பூசை முடிஞ்சு, எல்லாரும் குரு முன்னாடி உக்காந்து கேள்வி கேக்கிற நேரம் அது.

அவருக்கு முந்திக் கேட்டவரு, பிறவி எதுக்குன்னு கேட்டாரு. அதுக்கு முந்தின பொம்பளை, மனசு எங்க இருக்குன்னு கேட்டா. இவரு கேட்டது பிரேக்கை.

நாலு பேரு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், பொய் சொல்வானேன்.

அம்மை சிரிக்கல.

எங்க குருவை நாங்க அம்மைன்னுதான் சொல்லுவோம். ஐயாவை விட வயசுல ரொம்பச் சின்னவங்க. அதிகம் பேச மாட்டாங்க. பேசினா நமக்குச் சோறு இறங்காது.

"மெக்கானிக் கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேம்மா. மலையடிவாரத்துல இசக்கின்னு ஒரு பையன் பட்டறை வச்சிருக்கான்."

"என்ன சொன்னான்?"

"சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேட் தேஞ்சு போச்சாம். பேட் போனதுல டிஸ்க்கும் வரி வரியா அறுபட்டுப் போச்சாம். ரெண்டையும் சேர்த்துத்தான் மாத்தணும்ங்கான்."

"எப்ப மாத்தணுமாம்?"

"இன்னைக்கே."

"அப்ப அவனே பதில் சொல்லிட்டானே. என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

ஐயா துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

நெல்லையப்பன்னு ஒரு சீடரு, எதுக்கும் அர்த்தம் சொல்லாம இருக்க மாட்டாரு. அவரு மெதுவா ஆரம்பிச்சாரு. "அம்மா, ஐயா பிரேக்னு சொன்னது புலனடக்கத்தைத்தானே?"

"பிரேக்னா பிரேக்குதான். போய் வேலையைப் பாருங்க," என்னாங்க அம்மை.

ஐயா கதையைச் சொல்லிருதேன்.

முன்னெல்லாம் அவரும் அவரு வீட்டம்மா செண்பகம் அக்காவும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி இந்தக் காருலதான் மலையேறி வருவாங்க. அக்கா இறங்கும்போதே புடவைத் தலைப்பால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, "உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வாரேன் மாடத்தி"ன்னு சிரிப்பாங்க. மாடத்திங்கிறது நான்தான். மடத்துச் சமையல்கட்டு என் பொறுப்பு.

போன ஆடியில அக்கா போயிட்டாங்க. வயித்துல கட்டி. முதல்ல தெரியல, தெரிஞ்ச பிறகு நிக்கல. அவ்வளவுதான்.

காரியம் எல்லாம் முடிச்சு, வீட்டைப் பூட்டி, ஐயா காரை எடுத்துக்கிட்டு மேல வந்தாரு. இங்கேயே இருந்துக்கிடுதேன்னாரு. அம்மை சரின்னுட்டாங்க.

வாராவாரம் கீழ சந்தைக்குப் போய்க் காய் வாங்கிட்டு வாரது அவரு வேலை. கத்திரிக்காயைக் கிள்ளிப் பாத்து வாங்கத் தெரியாது. எல்லாம் முத்தலாக் கொண்டாந்து கொட்டுவாரு. "நானும் வாரேன் ஐயா"ம்பேன். "வேண்டாம் தாயி, நான் மட்டும் போயிட்டு வாரேன்"ம்பாரு.

என்னைத்தான் வேண்டாம்னாரா? ஒருத்தரையும் ஏத்த மாட்டாரு. கொட்டுற மழையில பஸ்ஸுக்கு நிக்கிற பிள்ளைத்தாச்சியைக்கூடத் தாண்டிப் போனாருன்னு கேள்விப்பட்டேன். பின்சீட்டு அம்புட்டும் காலியாக் கிடக்கும். பெரிய மனுசன், இவ்வளவு கல்நெஞ்சான்னு எனக்குக் கோவம் கோவமா வரும்.

எங்க மலைப்பாதை எப்படின்னு தெரியணும்ல? பூராவும் ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை இருக்கும். இன்னொரு பக்கம் ஒண்ணும் இருக்காது.

அடுத்த வாரம் ஐயா மறுபடியும் வந்து உக்காந்தாரு. அதே கேள்வி. இந்தத் தடவை யாரும் சிரிக்கல.

"இன்னும் மாத்தலையா?"

"பிடிக்குதேம்மா. போன சந்தைக்கும் இறங்கி ஏறிட்டேன்."

"எப்படிப் பிடிக்குது?"

"மிதிச்சா ஸ்டியரிங் உதறும். இரும்பும் இரும்பும் அரைக்கிறது கால்ல தெரியும். ஆனா நிக்குது."

"இவ்வளவு தேயிற வரைக்கும் தெரியாமலா இருக்கும்?"

"தெரியும்மா. அதுக்குன்னு பேட்டுல சின்னதா ஒரு தகடு வச்சிருப்பான். பேட் தேஞ்சதும் அந்தத் தகடு டிஸ்க்குல உரசிக் கீச்சு கீச்சுன்னு கத்தும். கத்துறதுதான் அதுக்கு வேலை."

"அது கத்தலையா?"

"கத்தித்தான் இருக்கும்." ஐயா காதைத் தொட்டுக் காட்டினாரு. "இந்தக் கீச்சுச் சத்தம் எனக்கு இப்பல்லாம் ஏறுறதில்ல. குக்கர் விசில் அடிச்சாலே செண்பகம் வந்து சொன்னாத்தான் தெரியும். அவ இருந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பா."

பலா மரத்துல அணில் கத்துச்சு. அதுவும் அவருக்குக் கேட்டுருக்காது.

"நாளைக்குச் சந்தைதானே?" என்னாங்க அம்மை.

"ஆமாம்மா."

"நானும் வாரேன்."

அம்மை மலையை விட்டு இறங்கி நாங்க யாரும் பாத்ததில்ல. ஐயாவுக்கு முகம் வெளிறிப் போச்சு.

"வேண்டாம்மா, வெயிலு."

"குடை இருக்கு."

"சந்தையில கூட்டம் மொய்க்கும்."

"மொய்க்கட்டும்."

"என்ன வேணும்னு சொல்லுங்க, நானே வாங்கிட்டு வந்துருதேன்."

"நீங்க வாங்கிட்டு வார கத்திரிக்காயை ஆக்கி ஆக்கி மாடத்தி சலிச்சுப் போயிட்டா. அவளும் வரட்டும்."

ஆத்தாடி, என்னையும் கோத்து விட்டுட்டாங்களேன்னு நான் முந்தானையைக் கடிச்சுக்கிட்டு உள்ள ஓடிட்டேன்.

மறுநாள் காலையில கார் பலா மரத்தடியில நின்னுச்சு. ஐயா அதைத் துடைச்சுக்கிட்டே இருந்தாரு. துடைச்ச இடத்தையே திரும்பத் திரும்பத் துடைச்சாரு.

அம்மை குடையோட வந்து முன்பக்கத்து இடது கதவைத் திறந்தாங்க.

"பின்னாடி உக்காருங்கம்மா. முன்னாடி வேண்டாம்."

அம்மை காதுலயே வாங்கிக்கிடல. ஏறி உக்காந்து கதவைச் சாத்திட்டாங்க. நான் காய்ச்சாக்கை மடியில வச்சுக்கிட்டுப் பின்னாடி ஏறினேன். ஐயா ரொம்ப நேரம் வெளிய நின்னுட்டு, கடைசியில வந்து உக்காந்தாரு.

அம்மை குனிஞ்சு பாத்தாங்க.

"கால்மிதி இங்க ஓட்டை விழுந்து கிடக்கே."

நானும் எட்டிப் பாத்தேன். ரப்பர் கால்மிதி. மத்த இடமெல்லாம் நேத்து வாங்கினது மாதிரி இருக்கு. வலது கால் படுற இடத்துல மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தேஞ்சு, அடியில வண்டித் தகடு தெரியுது.

"பிரேக்கு உங்க பக்கம்தானே ஐயா?"

"ஆமா."

"அப்ப இந்தப் பக்கம் தேச்சது யாரு?"

ஐயா கையில இருந்த சாவியையே பாத்துக்கிட்டிருந்தாரு.

"அவதான்," என்னாரு. "வண்டியில ஏறினா அவ கால் சும்மா இருக்காதும்மா. தூரத்துல ஒரு ஆடு நின்னாப் போதும், நான் மிதிக்கிறதுக்கு முந்தி அவ மிதிச்சிருவா. 'பைய, பைய'ன்னு வாயும் ஓயாது. 'அங்க ஒண்ணும் இல்லட்டி, வெறும் தரையைத்தான் மிதிக்கே'ன்னு கேலி பண்ணுவேன். எவ்வளவு கேலி பண்ணினாலும் எடுக்க மாட்டா."

"சரி. கிளப்புங்க."

சாவியைப் போட்டாரு. திருகல.

"கிளப்புங்க ஐயா, நேரமாகுது."

"முடியாதும்மா."

"ஏன்?"

"பிரேக் சரியில்ல."

"போன வாரம் பிடிச்சுதே."

"போன வாரம் நான் மட்டும்தானே இருந்தேன்!"

கத்திட்டாரு. கத்தின பிறகுதான் என்ன சொன்னோம்னு அவருக்கே விளங்குச்சு. ஸ்டியரிங் மேல நெத்தியை வச்சுக்கிட்டாரு.

"ஒவ்வொரு வளைவுலயும் நினைப்பேம்மா. பிடிச்சாப் பிடிக்கட்டும். பிடிக்கலைன்னா அதுவும் சரிதான். நானா எதுவும் செஞ்சதா இருக்காது. பிரேக் போச்சு, ஆளும் போயிட்டாருன்னு நாலு பேரு சொல்லுவாங்க. அவ கிட்டப் போய்ச் சேர்ந்துருவேன்." மூச்சு வாங்கினாரு. "அதான் யாரையும் ஏத்துறதில்ல."

வாராவாரம் அந்த மனுசன் அப்படி இறங்கி அப்படி ஏறி வந்திருக்காரு. கத்திரிக்காய் முத்தலா இருக்குன்னு நான் ஏசியிருக்கேன். என் வாயில மண்ணைப் போட.

உடம்பு அழியும், ஆத்மா அழியாதுன்னு அம்மை ஏதாவது சொல்லுவாங்கன்னு நான் பாத்தேன். சொல்லல. அவரு முதுகுல ஒரு கையை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாங்க. அவரு சின்னப்பிள்ளை மாதிரி அழுதாரு. அக்காவைத் தூக்கின அன்னைக்குக்கூட அழாம நின்ன ஆளு.

வெயில் ஏறுச்சு. காருக்குள்ள அடுப்புல உக்காந்த மாதிரி வெந்துச்சு.

"இறங்குங்கம்மா. புழுங்குது," என்னாரு, மூக்கைத் துடைச்சுக்கிட்டு.

"சந்தைக்குன்னு ஏறியாச்சு. இறங்க மாட்டேன்."

"இந்த வண்டியில உங்களை வச்சு நான் எப்படிம்மா இறக்குவேன்?"

"இறக்காதீங்க."

"அப்ப என்னதான் செய்யச் சொல்லுதீங்க?"

"எப்ப மாத்தணும்னு கேட்டது நீங்கதானே."

ஐயா அவங்களைப் பாத்தாரு. கீழ அந்த ஓட்டையைப் பாத்தாரு. சட்டைப் பையில இருந்து போனை எடுத்தாரு. காது கேக்காதுல்ல, ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாரு.

"இசக்கி, அந்த டிஸ்க்கு, பேட் எல்லாம் எடுத்துக்கிட்டு மேல வாடே."

"எப்ப சார் வரணும்?"

"இன்னைக்கே."

இசக்கி பைக்குல சாமானைக் கட்டிக்கிட்டு வந்து சேர உச்சிப் பொழுதாச்சு. அம்மை அது வரைக்கும் கதவைத் திறந்து போட்டுக்கிட்டு அந்த சீட்டுலயேதான் இருந்தாங்க. நான் மோர் கொண்டாந்து குடுத்தேன். ஜாக்கி வைக்கணும், இறங்குங்கன்னு இசக்கி கும்பிட்டுக் கேட்ட பிறகுதான் இறங்கினாங்க.

கழட்டின பேட்டை இசக்கி கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தான். அதுல பேட்டே இல்ல, பின்பக்கத்து இரும்புத் தகடுதான் இருந்துச்சு. டிஸ்க்கு ஏர் உழுத நிலமாட்டம் கிடந்துச்சு.

"இதை வச்சா சார் இந்த மலை இறங்கினீங்க?"

புதுசை மாட்டி முடிச்சுட்டு, இசக்கி வண்டிக்குள்ள தலையை நீட்டினான். "இந்தக் கால்மிதியும் பிஞ்சு கிடக்கு சார். தூக்கிப் போட்டுருதேன், பட்டறையில புதுசு இருக்கு."

"அதைத் தொடாத!"

இசக்கி கையைச் சட்டுன்னு எடுத்துக்கிட்டான். ஐயா குரலைத் தணிச்சாரு. "அது இருக்கட்டும்ப்பா."

"சரி சார். ஒண்ணு சொல்லுதேன். பேட்டும் டிஸ்க்கும் புதுசு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு படியிற வரைக்கும் சடக்குன்னு மிதிச்சிராதீங்க. தூரத்துலயே பாத்து, முன்கூட்டியே மிதிக்கணும், என்ன?"

ஐயா தலையை ஆட்டினாரு. ஆட்டிக்கிட்டே இருந்தாரு.

"சந்தை இந்நேரம் கலைஞ்சிருக்கும்மா," என்னாரு அம்மை கிட்ட.

"கலைஞ்ச சந்தையைப் பாத்துட்டு வருவோம்."

ஏறினோம். அம்மை முன்னாடி, நான் பின்னாடி, காலிச் சாக்கு என் மடியில. ஐயா கண்ணாடியைச் சரி பண்ணினாரு. மடத்து வாசலைத் தாண்டி வண்டி பைய இறங்குச்சு. நான் முன்சீட்டு முதுகைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்.

முதல் வளைவு. திரும்பினா, நடு ரோட்டுல ஒரு கன்னுக்குட்டி நிக்குது.

அம்மை வலது கால் அந்த ஓட்டைக்குள்ள போய் ஒரே அழுத்தா அழுத்துச்சு. நான் பாத்தேன். ஐயாவும் பாத்தாரு.

வண்டி உதறல. அரைக்கல. தூக்கி வச்ச மாதிரி நின்னுச்சு.

கன்னுக்குட்டி எங்களை ஒரு பார்வை பாத்துட்டுப் பாறைப் பக்கமா ஏறிப் போயிருச்சு. வண்டி நகரல. ஐயா கண்ணு இன்னும் கீழேயே இருந்துச்சு.

"அங்க ஒண்ணும் இல்லம்மா," என்னாரு.

அம்மை காலை எடுக்கல.

"இருக்கு," என்னாங்க.