நாலாவது கியர்

“இது எந்தப் பெட்டி, வாத்தியாரே?” என்று கேட்டார் ஒச்சப்பன்.

“வண்டிகிட்டயே கேளுங்கண்ணே” என்றாள் ஜக்கம்மா.

ஒச்சப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. லாரி ஓட்டி முதுகு போனபின் போடியில் ஜக்கம்மாவின் ஜீப் பட்டறைக்கு வந்து, வேலை கற்றுக்கொடுக்கச் சொல்லி நின்றவர். வாத்தியார் தன்னைவிட வயதில் சின்னவள் என்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கேட்ட கேள்விக்கு நேராக ஒரு பதில் வராது. அதுதான் குறை.

அன்றைக்கென்று பார்த்து அவசரம் வேறு.

மலைமேல் இருக்கும் மேல்முட்டத்து ஜனங்கள் ஊர்கூடி வாங்கிய பழைய ராணுவ ஜீப் அது. அந்த மலைக்கு வேறு எதுவும் ஏறாது. ஜீப் வரும்வரை, நோவு வந்தவர்களைக் கம்பளியில் கட்டித் தோளில் தூக்கித்தான் இறக்கினார்கள். இப்போது அதன் அடிவயிற்றில், கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குள் ஏதோ உடைந்துவிட்டது. எஞ்சினின் பலத்தை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. அது இல்லையென்றால் ஜீப்பும் ஒரு கட்டை வண்டிதான்.

வண்டியை ஓட்டுகிற வீரணன் பட்டறை வாசலில் மலையையே பார்த்து நின்றான். மேலே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. அவன் மனைவி நிறைமாதமாக மேலே ஊரிலேயே இருந்தாள்.

கோயம்புத்தூரில் ஒரு பழைய சாமான் கடைக்காரரிடம் அந்த மாதிரிப் பெட்டிகளுக்கான பல்சக்கரச் செட்டுகள் நாலைந்து கிடந்தன. பார்வைக்கு எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் வண்டிக்கு எத்தனை கியர் என்பதைப் பொறுத்துச் செட்டும் மாறும்; ஒன்றுக்குப் பதில் இன்னொன்று சேராது.

கடைக்காரர் போனில் சொல்லியிருந்தார்: “சாயங்காலம் லாரி வருதுங்க. கிடக்கிறதெல்லாம் உருக்கப் போகுது. எதுன்னு சொன்னீங்கன்னா அதை மட்டும் எடுத்து வெச்சு பஸ்ஸுல போட்டு உட்டுடறேன்.”

ஒச்சப்பன் வண்டியைச் சுற்றி வந்தார். டேஷ்போர்டில் ஒரு பித்தளைத் தகடு. எச்சில் தொட்டுத் துடைத்தார். வருஷமும் ரகமும் பொறித்திருந்தது.

“கிடைச்சிருச்சு வாத்தியாரே!”

ஜக்கம்மா வந்தாள். படிக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தகட்டைக் கழற்றினாள்.

தகட்டுக்கு அடியில் வேறு நாலு ஓட்டைகள் இருந்தன. அகலமாக, வேறொரு பெரிய தகட்டுக்குப் போட்டவை.

தகட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

“அட, இது வேற வண்டித் தகடா!” என்றார் ஒச்சப்பன். முகம் சுருங்கிப்போனது. ஆனால் ஏமாந்ததில் ஒரு சூடும் பிறந்தது.

அடுத்து கியர் தடியைப் பிடித்தார். குமிழில் நாலு கியரின் படம் வரைந்திருந்தது.

“நாலு கியர் பெட்டி! வீரணா, நாலு கியர்தானே?”

“நமக்கு மூணுதாண்ணே விழும்” என்றான் வீரணன். “நாலாவது எப்பவோ செத்துப்போச்சுன்னு முந்தி ஓட்டுனவரு சொன்னாரு.”

“பாத்தீங்களா வாத்தியாரே! நாலுல ஒண்ணு செத்துருக்கு!”

ஜக்கம்மா குமிழைத் திருகிக் கழற்றி அவருடைய சட்டைப் பையில் போட்டாள்.

“இப்பச் சொல்லுங்க, எத்தனை கியரு?”

ஒச்சப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“உங்களுக்குத்தான் தெரியும்ல? நீங்களே சொல்லிருங்களேன்! லாரி வந்துட்டா எல்லாம் உலையில போயிரும். அவன் பொண்டாட்டி மேல கிடக்கா. இந்த நேரத்துல எனக்குப் பாடம் எதுக்கு?”

ஜக்கம்மா ஜாக்கியை எடுத்தாள். பின்சக்கரம் இரண்டும் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி நிறுத்தினாள். கைக்கு லேசாகச் சுற்றட்டும் என்று எஞ்சினின் பிளக்குகளைக் கழற்றினாள். பிறகு முன்பக்கம், எஞ்சினைக் கையால் சுற்றும் ஹேண்டிலைச் செருகிக்கொண்டு நின்றாள்.

“அடியில படுங்கண்ணே. கண்ண மூடிக்கங்க. ஷாஃப்ட்டைப் பிடிங்க. வீரணா, நீ கியரைப் போடு.”

ஒச்சப்பன் முணுமுணுத்துக்கொண்டே படுத்தார். தலைக்கு மேலே கிரீஸும் மண்ணும் மணத்தன. கண்ணை மூடி, பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டைப் பிடித்தார்.

“ஒண்ணாவது!” என்றாள் ஜக்கம்மா. ஹேண்டில் சுற்றியது. அவர் கைக்குள் ஷாஃப்ட் சோம்பலாகத் திரும்பியது.

“ரெண்டாவது!” கொஞ்சம் வேகம்.

“மூணாவது!”

ஒச்சப்பனின் கை நின்றுவிட்டது.

“இன்னொரு தடவை சுத்துங்க வாத்தியாரே... ஒரே ஒரு சுத்து!”

சுற்றினாள். ஷாஃப்ட்டும் சரியாக ஒரு சுற்று.

“இன்னொண்ணு!”

இன்னொரு சுற்று.

அவர் அடியிலிருந்தே கத்தினார். “மூணாவதுலயே ரெண்டும் ஒண்ணாச் சுத்துது! எஞ்சின் வேகம் அப்படியே வந்துருச்சு! இதுக்கு மேல எதுக்குக் கியரு? வீரணா! நாலாவது சாகலடா! அது பொறக்கவே இல்ல!”

“அப்ப மூணு கியரா?”

“மூணே மூணுதான்டா!”

கையைத் தானாகவே நகர்த்தினார். இப்போது யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. பின் ஷாஃப்ட் பெட்டியின் நடுவிலிருந்து கிளம்பவில்லை. வலது ஓரத்திலிருந்து கிளம்பியது. முன் ஷாஃப்ட்டைத் தேடினார். அதுவும் அதே வலது ஓரம்.

“ரெண்டும் ஒரே பக்கம்!”

பெட்டியின் முதுகைத் தடவினார். உள்ளே நடுச்சக்கரத்தைத் தாங்குகிற ஷாஃப்ட்டின் முனை அங்கே தட்டுப்பட்டது. அது மெல்லிசா பருமனா என்பதிலும் செட்டுக்குச் செட்டு வித்தியாசம் உண்டு. கட்டைவிரலை அதன் மேல் அழுத்தினார். விரலுக்கு வெளியே சுற்றிலும் இரும்பு மிஞ்சியது.

“பருமன்! தகட்டுல இருந்த வருஷத்துக்கு மெல்லிசுல்ல இருக்கணும்? நம்பியிருந்தா போச்சு!”

“சுத்தவா?” என்றாள் ஜக்கம்மா.

“சுத்துங்க! மெதுவா!”

பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். உள்ளே ஓடியது, ஓடியது, ஒரு இடத்தில் டொக்கென்று விழுந்தது. மறுபடி ஓடி, அதே இடத்தில் டொக்.

“இங்கதான்! நடுச்சக்கரத்துல பல்லு போயிருக்கு!”

வெளியே வந்து எழுந்தபோது அவருடைய தலையெல்லாம் கிரீஸ். கண்கள் மட்டும் பளபளத்தன. வீரணனின் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

“மூணு கியருங்க. ரெண்டு ஷாஃப்ட்டும் வலது ஓரம். நடு ஷாஃப்ட்டு பருமன்.”

“மாடல் பேரு சொல்லுங்க” என்றார் கடைக்காரர். பின்னால் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது.

“பேரை உடுங்க! நடுச்சக்கரத்து ஓட்டையில கட்டைவிரலை விடுங்க!”

“என்னங்க?”

“விடுங்கய்யா! இறுக்கிப் பிடிச்சா அது வேணாம். லொடலொடன்னு ஆடுச்சுன்னா அதுதான்!”

போனில் இரும்பு உருளும் சத்தம். யாரையோ கடைக்காரர் அதட்டினார், “அதை ஏத்தாதடா, இறக்கு, இறக்கு!” வீரணன் போனுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்தான்.

“ஆடுதுங்க!” என்று கத்தினார் கடைக்காரர். “ஏனுங்க, நல்லாவே ஆடுதுங்க!”

வீரணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ராத்திரி பஸ்ஸில் செட் வந்தது. விடிந்ததும் பூட்டினார்கள், ஒரு தட்டுக்கூடத் தேவைப்படாமல் போய் உட்கார்ந்தது. மழைக்கு முந்தியே ஜீப் மேல்முட்டம் ஏறி, வீரணனின் மனைவியை இறக்கிக்கொண்டு வந்தது. பெண் குழந்தை.

ஆனால் அதற்கு முதல் நாள் சாயங்காலம், கடைக்காரரிடம் பேசிப் போனை வைத்த கையோடு, ஒச்சப்பன் வாத்தியாரின் பக்கம் திரும்பினார்.

“கண்டுபிடிச்சாச்சு. இப்பவாவது சொல்லுங்க. இந்தப் பெட்டி எந்த வண்டியோடது? இதுக்கு என்ன பேரு?”

ஜக்கம்மா வண்டிக்கடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு எப்படிண்ணே தெரியும்? எவனோ நாலு வண்டியப் பிரிச்சு ஒண்ணாச் சேத்துருக்கான். இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல.”

“அப்ப... காலையிலிருந்து உங்களுக்கும் தெரியாதா?”

அவள் அதற்குள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் நுழைந்துவிட்டாள். கையைப் பெட்டியின் மேல் விரித்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஹேண்டிலைப் பிடிங்கண்ணே” என்றாள். “சீக்கிரம்! அந்த டொக்கு எங்க விழுதுன்னு நானும் பாக்கணும்.”