தாசில்தார் அறுத்த முதல் கதிர்

ஜீப்பை விட்டு இறங்காமலே ஊர் வயலையெல்லாம் பார்வையிட்டுவிடும் மகராசன் ஒருவர் இருந்தார், தாசில்தார் ஞானப்பிரகாசம். மழையில் நெல் அழுகிப்போன வைரக்கண்ணுவின் வயலையும் ரோட்டிலிருந்தே பார்த்தார்.

"பச்சைப்பசேல்னு நிக்குதேய்யா! இதுக்கு எதுக்கு நிவாரணம்?"

நின்றது கோரைப்புல். நிவாரணம் வராவிட்டால் அடுத்த விதைப்புக்கு வைரக்கண்ணுவிடம் ஒரு பிடி விதை கிடையாது. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டான்.

"ஐயா சொன்னா சரிதான். முதல் கதிரைப் பெரிய மனுசங்க கையால அறுக்கிறது எங்க ஊரு வழக்கம். நீங்கதான் அறுக்கணும்."

தாசில்தாருக்குத் தலைகால் புரியவில்லை. கூட வந்த தலையாரியைப் போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டு, பளபளக்கும் பூட்ஸோடு வயலில் இறங்கினார். முழங்கால்வரை சேறு இழுத்துக்கொண்டது. ஒரு பிடி அறுத்துத் தூக்கிப் பார்த்தார். வெறும் புல். வரப்பில் நின்ற ஊரே சிரித்தது.

"கதிர் எங்கடா?"

"அதைத்தான் ஐயா, நானும் மாசக்கணக்கா சொல்றேன்."

"முழுச் சேதம்னு எழுதறேன், முதல்ல என்னைத் தூக்குடா!"

"எழுதிட்டே வாங்கய்யா. நிக்கிற இடம் பச்சைப்பசேல்னுதானே இருக்கு?"

சேற்றில் நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாலு பேர் பிடித்து இழுத்ததில் அவர் வந்தார், பூட்ஸ் வரவில்லை. அந்தப் போகத்தில் வைரக்கண்ணு கண்ட மகசூல் அந்தப் பூட்ஸ் ஒன்றுதான்.