பத்து நிமிஷச் சுண்டல்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அங்கே கேன்டீனில் தங்கையா அண்ணாச்சி பதினெட்டு வருஷம் பஜ்ஜி போட்டார். சட்டியில் எண்ணெய் அப்படியொரு கறுப்பு. கணக்கு வாத்தியார் அதில் முகம் பார்த்துத்தான் மீசையைத் திருத்துவாராம். ஒரு தடவை அரை மீசையில் இருக்கும்போதே அவரை வகுப்புக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், அன்றைக்கு அரைப் பாடம்தான் நடந்தது.

புதிதாய் வந்த தலைமை ஆசிரியை குளோரி டீச்சர் சட்டியை எட்டிப் பார்த்தார். அவர் மீசை திருத்தவில்லை.

"இனிமே இங்க எண்ணெய்ப் பலகாரம் கூடாது அண்ணாச்சி. பிள்ளைங்க உடம்புக்கு ஆகிறதைப் போடுங்க. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். ஓடலேன்னா வேற ஆளுக்குக் கேன்டீனை விட்டுருவேன்."

திங்கட்கிழமை அண்ணாச்சி கொண்டைக்கடலைச் சுண்டல் போட்டார். முக்கால் அண்டா மிச்சம். செவ்வாயும் அப்படியே. புதனன்று மிச்சத்தைத் தின்ற எதிர்வீட்டு எருமை தொழுவ வாசலுக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றது.

அன்று சாயங்காலமே அண்ணாச்சி சிந்தாமணி மாஸ்டரைத் தேடிப் போனார். கல்யாணப் பந்திக்கு ஆயிரம் இலை போட்டாலும் ஒரு கரண்டி குறையாமல், ஒரு கரண்டி மிஞ்சாமல் சமைக்கிற பெண்பிள்ளை. அண்ணாச்சியைவிடப் பத்து வயது இளையவள். இருந்தாலும் சமையல் என்று வந்துவிட்டால் அவருக்கு அவள்தான் குரு.

"என்ன அண்ணாச்சி, வீட்ல கல்யாணமா?"

"கருமாதி. என் கேன்டீனுக்கு."

"யார் கொன்னா?"

"சுண்டல். பிள்ளைகளுக்கு நாக்கு செத்துப்போச்சு மாஸ்டர். வருது, வரிசையில நிக்குது, சுண்டலைப் பாக்குது, போயிருது. பயறு போடவா, கம்பங்கொழுக்கட்டை போடவா? எதைப் போட்டா வாங்கும், நீங்க சொல்லுங்க."

"நாளைக்கு வாரேன்" என்றாள் மாஸ்டர்.

வியாழக்கிழமை பத்து நிமிஷ இடைவேளைக்கு மணி அடித்தது. மாஸ்டர் பத்து ரூபாய் நோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றாள்.

அண்ணாச்சி பதறிப்போனார். "மாஸ்டர்! உள்ள வாங்க!"

"நான் ஆறாப்பு. வரிசையிலதான் வருவேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அண்ணாச்சிக்குக் குரு பார்க்கிறாள் என்ற முறுக்கு ஏறிவிட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாகக் கடுகு தாளித்தார். தேங்காய் தூவினார். மாங்காயைக் கீறிப் போட்டார். எலுமிச்சை பிழிந்தார். அப்புறம் தட்டைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே சொன்னார்: "இது எலும்புக்கு நல்லது தாயி. ரத்தம் ஊறும். கண்ணு தெளியும். நல்லா மென்னு தின்னு. தட்டைத் திருப்பிக் கொண்டாந்துரணும், பன்னெண்டுதான் இருக்கு."

பதினைந்தாவது பிள்ளைக்கு ரத்தம் ஊறிக்கொண்டிருந்தபோது இடைவேளை முடிந்து மணி அடித்தது. வரிசை கலைந்து ஓடியது. மாஸ்டர் மட்டும் நடந்து வந்து கல்லா முன்னால் நின்றாள்.

"வாங்க மாஸ்டர்! உங்களுக்கு ரெட்டைத் தாளிப்பு!"

"மணி அடிச்சிட்டு அண்ணாச்சி. கிளாசுக்கு லேட்டாயிரும்."

நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

அண்ணாச்சி கரண்டியும் கையுமாக நின்றார். அண்டாவைப் பார்த்தார். வராந்தாவில் தொங்கிய மணியைப் பார்த்தார். பதினெட்டு வருஷமாக அது அங்கேதான் தொங்குகிறது. பஜ்ஜி போட்ட காலத்தில் அதை ஏறெடுத்துப் பார்க்கவேண்டி வந்ததில்லை. பஜ்ஜியைச் சுட்டு அடுக்கி வைத்திருப்பார், கை நீட்டினால் கையில் விழும்.

வெள்ளிக்கிழமை மொத்தச் சுண்டலுக்கும் ஒரே தாளிப்பு. மணிக்கு முன்பே முந்நூறு இலைத் தொன்னைகளில் நிரப்பி மூன்று பெஞ்சுகளில் பரப்பிவிட்டார். பிள்ளைகள் வந்தார்கள். எடுத்தார்கள், காசைப் போட்டார்கள், தின்றுகொண்டே போனார்கள். அண்ணாச்சிக்குப் பேச நேரமில்லை. இரண்டாவது மணி அடிப்பதற்குள் மைதானத்தில் ஒரு கபடி ஆட்டமே முடிந்துவிட்டது.

குளோரி டீச்சர் வந்தார். "எங்க, எனக்கு ஒண்ணு குடுங்க, பார்ப்போம்."

அண்ணாச்சி அண்டாவைச் சாய்த்து, உரசி, நாலே நாலு கடலையைத் தேற்றி உள்ளங்கையில் நீட்டினார். டீச்சர் நின்றவாக்கில் தின்றார்.

"திங்கட்கிழமை எனக்கு முதல்லயே எடுத்து வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எண்ணெய் டின் வாங்கவில்லை. எருமைக்குப் பங்கில்லை. பஜ்ஜிக் காலத்தைவிடக் கல்லா கனத்தது. சாயங்காலம் அண்ணாச்சி கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். மாஸ்டர் சாம்பாருக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்டா காலி மாஸ்டர்! டீச்சரே வரிசையில நிப்பாங்க போலிருக்கு!"

"நல்லது அண்ணாச்சி."

"ஒரே ஒரு குறைதான். அவசரத்துல எலும்புக்கு நல்லது, ரத்தத்துக்கு நல்லதுன்னு ஒரு பிள்ளைகிட்டயும் சொல்ல முடியலை. என்ன திங்கிறோம்னே தெரியாம தின்னுட்டுப் போகுதுகளே?"

மாஸ்டர் கரண்டியை உதறி வைத்தாள்.

"தெரியாம தின்னா உடம்புல ஒட்டாதா அண்ணாச்சி?"