சலேத் நிறுத்தின சொல்லி

ஒரு ஊர்ல ஒரு கடலு, அந்தக் கடலோரம் சலேத்துன்னு ஒரு பொண்ணு. கம்ப்யூட்டர் வேலை தெரிஞ்சவ. காத்து எப்படி அடிக்குதுன்னு ஊருக்குக் காட்ட ஒரு வெப்சைட்டு செஞ்சிருந்தா. நடுக்கடல்ல ஒரு மிதவை காத்தை அளந்து அனுப்பும். அந்த அளவு, சரக்கு போட்டு வைக்கிற கிட்டங்கி மாதிரி ஒரு இடத்துல வந்து சேரும். அதை மூணு பக்கம் எடுத்துக் காட்டும். போன்ல ஒண்ணு, மீனவர் சங்கத்து ஆபீஸ்ல ஒண்ணு, துறையில மாதா கோயில் பக்கத்துல பெரிய பலகையா ஒண்ணு. பச்சைன்னா போகலாம், சிவப்புன்னா போகக்கூடாது. ம் சொல்லு கண்ணு.

அவ என்ன செஞ்சுட்டா, பச்சையா சிவப்பான்னு யோசிக்கிற வேலைய மூணு பக்கத்துக்கிட்டயும் தனித்தனியா விட்டுட்டா. அளவு வராம இடம் வெறிச்சுன்னு கிடந்தா பார்க்க நல்லாருக்காதேன்னு, அங்க சைபர் காட்டுன்னு வேற எழுதி வச்சிருந்தா.

அப்புறம் ஒரு சாயங்காலம், மேகம் கருகருன்னு இறங்குது. அலை ஹோ... ஹோன்னு கத்துது. சலேத் போனைப் பார்க்கிறா. பச்சை! 'காத்து சைபர். போகலாம்.' மிதவை அறுத்துக்கிட்டுப் போயிருக்கு. காத்து இல்லாம இல்ல கண்ணு, இருக்குன்னு சொல்ல ஆளு இல்ல.

அப்போ அவ அண்ணன் பெர்க்மான்ஸ் துறையில படகை இறக்கிக்கிட்டு இருக்கான். போன் போட்டா.

"அண்ணே, போகாத! அந்தப் பச்சை பொய்!"

"ஏட்டி, நீ செஞ்சதுதான? நீயே நம்பலன்னா நாங்க என்னத்த நம்ப?"

டக்டக்டக்னு போன் பக்கத்தை மாத்தினா. "இப்பப் பாரு!"

"போன்ல சிவப்பு. மத்தவனுவ ஆபீஸ்ல பச்சைன்னு பார்த்துட்டு இப்பத்தான் வாரானுவ."

டக்டக்டக். அதையும் மாத்தினா.

"பலகையில பச்சை எரியுதுட்டி. எல்லாரும் ஏறிட்டானுவ. போனை உறையில போடுறேன், வை."

டொக். அப்புறம் டுர்ர்ர்... இஞ்சின்.

சலேத் பலகையோட வரிகளைத் திறந்து பார்க்கிறா. பலகைக்குள்ளயே விளக்குக்கு ஒரு கணக்கு, எழுத்துக்கு ஒரு கணக்கு, மழை நாளுக்கு ஒரு கணக்கு. அந்த சைபரை எங்கெங்க ஒளிச்சு வச்சோம்னு அவளுக்கே ஞாபகம் இல்ல. ஒண்ணைத் திருத்தினா இன்னொண்ணு பச்சையா பல்லைக் காட்டும்.

"மாதாவே, என் கைய நீ பிடி"ன்னா. அப்புறம் கிட்டங்கிக்கும் பக்கங்களுக்கும் நடுவுல ஒருத்திய நிறுத்தினா. அவ பேரு சொல்லி. நிஜ ஆளு இல்ல கண்ணு, சலேத் கம்ப்யூட்டர்ல எழுதினவ.

"இந்தா பாரு. அளவு உன்கிட்ட மட்டும்தான் வரும். என்ன நிறம், என்ன வார்த்தைன்னு நீ ஒருத்தி சொல்லு. பக்கமெல்லாம் யோசிக்காம அப்படியே காட்டட்டும்."

"அளவு வரலன்னா?"

"தெரியலன்னு சொல்லு. சிவப்புல சொல்லு."

பலகைக்குள்ள யோசிச்சுக்கிட்டிருந்த வரியெல்லாம் சரசரன்னு அழிச்சா. பலகை கப்புன்னு இருண்டு போச்சு. துறை தெரியுற வீட்டு ஜன்னல் வழியா பார்க்கிறா. இருட்டுதான். டுர்ர்ர்... சத்தம் தூரமாப் போகுது. ம் சொல்லு ராசா, பயப்படாத.

பளிச்! செக்கச்செவேல்னு எழுத்து. 'காத்து தெரியல. போகாதீங்க.'

அந்த ஊர்ல ஒரு வழக்கம். படகு துறைய விட்டு விலகுறப்ப ஒரு தடவை கோயில் பக்கம் திரும்பி சிலுவை போட்டுக்குவாங்க. அண்ணன் திரும்பினானோ, இல்லையோ? இஞ்சின் சத்தம் சட்டுன்னு நின்னுடுச்சு. படகு நின்னுச்சா, இல்ல, கேக்காத தூரம் போயிடுச்சா? அவளுக்குத் தெரியல. மழை சடசடன்னு கொட்டுது. மாதா கோயிலைப் பார்த்து முட்டி போட்டா, எழுந்திருக்கவே இல்ல.

அப்போ வாசல்ல சளக், சளக்னு ஈரக்காலு.

"ஏட்டி சலேத்து, உன் பலகை இன்னைக்குத்தான் உண்மைய பேசியிருக்கு. சோறு இருக்கா?"

அவ்வளவுதான் கண்ணு. படகெல்லாம் கரையேறிடுச்சு, கதையும் கரையேறிடுச்சு. மாதா பார்த்துக்குவா, நீ கண்ண மூடு.